உறுப்பினர் கைக்குச் சங்கம் வருவது எப்படி?

2018 அக்டோபரில், அமெரிக்காவின் யு.பி.எஸ். பார்சல் நிறுவனத் தொழிலாளர்கள் புதிய ஐந்தாண்டு ஒப்பந்தத்தை ஏற்பதா வேண்டாமா என்று வாக்களித்து முடித்தார்கள். குறைந்த சம்பளத்தில் ஒரு புதிய ஓட்டுநர் பிரிவை அந்த ஒப்பந்தம் கொண்டுவந்தது. பக்கத்து வண்டி ஓட்டுநர் செய்யும் அதே மாதிரி வேலைக்குக் குறைந்த கூலி. வாக்களித்தவர்களில் 54 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். அப்படியும் ஒப்பந்தம் நிறைவேறிவிட்டதாக அவர்களுடைய சங்கத் தலைமையே அறிவித்தது.

கள்ள ஓட்டு எதுவும் விழவில்லை. கம்பெனியின் சூழ்ச்சியும் இல்லை. டீம்ஸ்டர்ஸ் என்ற அந்தச் சங்கத்தின் விதிப் புத்தகத்தில் ஒரு வரி இருந்தது: வாக்குரிமை உள்ளவர்களில் பாதிக்கும் குறைவானவர்கள் வாக்களித்திருந்தால், ஒப்பந்தத்தை நிராகரிக்க மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். அந்த முறை வாக்களித்தவர்கள் சுமார் 44 சதவீதம்தான். விதியை வைத்துக்கொண்டு தலைமை கையெழுத்துப் போட்டது.

சங்கம் சரியில்லை என்று கேண்டீனில் பேசாத தொழிலாளி கிடையாது. தலைவர் கம்பெனிக்கு விலைபோய்விட்டார், கட்சி சொல்வதைக் கேட்கிறார், போன் எடுப்பதில்லை என்று குறைகள் நீளும். தீர்வாகப் பெரும்பாலும் இரண்டே வழிகள்தான் பேசப்படுகின்றன: தலைவரை மாற்றுவது, இல்லையென்றால் கொடியை மாற்றுவது. உள்ளே இருந்தபடியே சங்கத்தின் நடைமுறையை மாற்றுவது என்ற மூன்றாவது வழியும் உண்டு. அதில் நாள் அதிகம் பிடிக்கும், ஆனால் பலன் தங்கும். அந்த வேலையை எங்கே தொடங்குவது, எங்கெங்கே வழுக்கும் என்பதை இந்த இயல் பார்க்கிறது.

விதிப் புத்தகத்தில் தொடங்குவது

சீர்திருத்தக் குழுவின் முதல் வேலை, சங்க விதிகளின் முழுப் பிரதியைக் கையில் வாங்குவது. வாய்வார்த்தையில் கேட்டால் ‘அப்புறம் பார்க்கலாம்’ என்ற பதில்தான் வரும். எழுத்தில் கேட்டு, கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிவைக்க வேண்டும். அப்படியும் கிடைக்காவிட்டால், பதிவு பெற்ற எந்தச் சங்கத்தின் விதிகளும் தொழிற்சங்கப் பதிவாளரிடம் தாக்கலாகியிருக்கும். அங்கே விண்ணப்பிக்கலாம்.

கையில் வந்ததும் சில கேள்விகளோடு படிப்பது நல்லது. சிறப்புப் பொதுக்குழுவைக் கூட்டச் சொல்ல எத்தனை உறுப்பினர் கையெழுத்து வேண்டும்? கோரம் எவ்வளவு? தீர்மானத்தை எத்தனை நாள் முன்பு எழுதிக் கொடுக்க வேண்டும்? நிர்வாகிகளை உறுப்பினர்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்களா, மாநாட்டுப் பிரதிநிதிகள் தேர்ந்தெடுக்கிறார்களா? பேச்சுவார்த்தைக் குழுவை அமர்த்துவது யார்? ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் உறுப்பினர் வாக்குக்கு வருமா? விதியைத் திருத்த எத்தனை பங்கு ஆதரவு வேண்டும்? விடைகளை ஒரு பக்கத்தில் எழுதினால், அதிகாரம் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

ஒரே ஒரு நடைமுறை எவ்வளவு பெரிய பூட்டாக இருக்க முடியும் என்பதற்கு அமெரிக்கக் கார்த் தொழிலாளர் சங்கமான யு.ஏ.டபிள்யூ. சாட்சி. அங்கே தலைவரைத் தேர்ந்தெடுத்தவர்கள் மாநாட்டுப் பிரதிநிதிகள். வால்டர் ரூத்தர் தலைவராக இருந்த காலத்தில் வேரூன்றிய ஒரே அணி எழுபது ஆண்டுகளுக்கு மேல் தலைமையை விடவில்லை. பதவி உயர்வும் சங்க வேலையும் வேண்டுமென்றால் அந்த அணியில் இருக்க வேண்டும், அந்த அணியில் இருந்தால்தான் மேலே போகலாம். கடைசியில் சங்கப் பணத்தைச் சொகுசு வில்லாக்களுக்கும் கால்ஃப் ஆட்டத்துக்கும் சுருட்டுக்கும் செலவழித்த வழக்கில் முன்னாள் தலைவர்கள் இருவர் சிறைக்குப் போனார்கள். அரசோடு ஏற்பட்ட உடன்பாட்டின்படி 2021இல் உறுப்பினர்களிடமே கேட்டபோது, சுமார் 64 சதவீதம் பேர் நேரடித் தேர்தல் வேண்டும் என்று வாக்களித்தார்கள்.

டீம்ஸ்டர்ஸ் சங்கத்தின் மூன்றில் இரண்டு பங்கு விதி 2021 மாநாட்டில் தூக்கி எறியப்பட்டது. பேச்சுவார்த்தைக் குழுக்களில் சாதாரண உறுப்பினர்களும் இடம்பெற வேண்டும், வேலைநிறுத்தம் தொடங்கும் முதல் நாளிலிருந்தே உதவித்தொகை தர வேண்டும் என்ற திருத்தங்களும் அதே மாநாட்டில் நிறைவேறின. 2023இல் வந்த அடுத்த யு.பி.எஸ். ஒப்பந்தம் அந்தக் குறைகூலி ஓட்டுநர் பிரிவை ஒழித்தது. அதை 86 சதவீதம் பேர் ஏற்று வாக்களித்தார்கள்.

சிறு கோரிக்கையும் சிறு குழுவும்

டீம்ஸ்டர்ஸில் நடந்த மாற்றத்தின் வேர் 1976இல் இருக்கிறது. அந்த ஆண்டு ஒஹையோ மாநிலத்தில் கூடிய சில நூறு லாரி ஓட்டுநர்களும் கிடங்குத் தொழிலாளர்களும் ‘ஜனநாயக டீம்ஸ்டர்ஸ் சங்கத்துக்கான அமைப்பு’ ஒன்றைத் தொடங்கினார்கள். டி.டி.யு. என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்த அமைப்பு தனிச் சங்கமாகப் பிரிந்து போகவில்லை. சங்கத்துக்குள்ளேயே இருந்து, சொந்தமாகப் பத்திரிகை நடத்தி, உறுப்பினர் உரிமைகளைச் சொல்லிக்கொடுத்தது. அப்போது சங்கத்தின் மேல்மட்டத்தில் மாஃபியாவின் கை இருந்தது. கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்டவர்கள் அடி வாங்கியதும் உண்டு.

அவர்கள் எடுத்த எடுப்பில் தலைமைப் பதவியைக் குறிவைக்கவில்லை. உள்ளூர்க் கிளைகளில் துணைவிதித் திருத்தங்களுக்காக வேலை செய்தார்கள். துறைப் பிரதிநிதியைக் கிளைச் செயலாளர் நியமிக்காமல் அந்தந்தத் துறைத் தொழிலாளர்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அப்படி ஒரு திருத்தம். கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் தினமும் மேற்பார்வையாளரோடு மல்லுக்கட்டும் பிரதிநிதி யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதை அது தலைகீழாக மாற்றிவிடும்.

1983இல் பெரிய சோதனை வந்தது. லேஆஃப் ஆன ஓட்டுநர்களைக் குறைந்த கூலிக்குத் திரும்ப எடுத்துக்கொள்ள லாரி நிறுவனங்களுக்கு வழிவிடும் ஓர் இணைப்பு ஒப்பந்தத்தை அப்போதைய தலைவர் ஜாக்கி பிரெஸ்ஸர் வாக்குக்கு அனுப்பினார். டி.டி.யு. அதன் நுணுக்கங்களைப் பத்திரிகையிலும் நோட்டீஸிலும் போட்டு லாரி நிலையங்களில் விநியோகித்தது. ஆதரவாக விழுந்தவை சுமார் 13,000 வாக்குகள், எதிராக விழுந்தவை சுமார் 94,000. தலைமையில் ஒரு நாற்காலிகூட இல்லாத அமைப்பு சாதித்தது இது.

புதிதாகத் தொடங்கும் குழு இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேலைமுறை. முதலில் ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஒவ்வொரு துறையிலும் நம்பகமான ஓரிருவரைக் கண்டுபிடிக்க வேண்டும். நன்றாகப் பேசுகிறவரைவிட, பிரச்சினை என்றால் சக தொழிலாளர்கள் யாரிடம் போய் நிற்கிறார்களோ அவரே முக்கியம். பிறகு எல்லோரையும் பாதிக்கும், ஜெயிக்கக்கூடிய ஒரு கோரிக்கையை எடுக்க வேண்டும். ஓவர்டைம் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்வது, கழிப்பறைக்குத் தண்ணீர், பெண்களுக்குக் குழுவில் இடம், மாதக் கூட்டத்தை இரவு ஷிஃப்ட் ஆட்களும் வரக்கூடிய நேரத்தில் வைப்பது என்று எதுவாகவும் இருக்கலாம். தலைவரைத் திட்டும் நோட்டீஸைப் பத்துப் பேர் ரசித்துப் படிப்பார்கள். கோரிக்கை நோட்டீஸில் நூறு பேர் கையெழுத்துப் போடுவார்கள்.

குழுவில் ஒப்பந்தத் தொழிலாளர்களும் பயிற்சியாளர்களும் இருக்க வேண்டும். அவர்களை ஒதுக்கிவிட்டு நிரந்தரத் தொழிலாளர்கள் மட்டும் நடத்தும் சீர்திருத்தம், அடுத்த ஒப்பந்தத்திலேயே கம்பெனியின் கையில் ஆயுதமாகிவிடும்.

கணக்கைக் கேட்கும் விதம்

சந்தா கொடுக்கிறவர் கணக்குக் கேட்பது சண்டை ஆகாது. இந்தியாவில் 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டமே, சங்கத்தின் கணக்குப் புத்தகங்களையும் உறுப்பினர் பட்டியலையும் உறுப்பினர்கள் பார்வையிடும் உரிமையைத் தந்தது. ஆண்டுதோறும் தணிக்கை நடக்க வேண்டும், பதிவாளருக்கு ஆண்டறிக்கை போக வேண்டும் என்றும் சொன்னது. 2001இல் வந்த திருத்தம் நிர்வாகிகளின் பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக்கூடாது என்றது. பத்தாண்டாகத் தேர்தலே நடத்தாத சங்கங்களும் இந்தச் சட்டத்தின் கீழ்தான் பதிவாகியிருந்தன. கேட்க ஆள் இல்லாத இடத்தில் சட்டம் அலமாரியிலேயே இருந்துவிடும்.

கேட்கும்போது குற்றச்சாட்டோடு போனால் பொருளாளர் கதவை மூடிவிடுவார். ‘கடந்த மூன்று ஆண்டுத் தணிக்கை அறிக்கையைப் பொதுக்குழுவில் வாசிக்க வேண்டும்’ என்ற தீர்மானத்தை யாராலும் எளிதில் எதிர்க்க முடியாது. சம்பளம், பயணச் செலவு, வழக்குச் செலவு, கட்சிக்கோ மத்திய சங்கத்துக்கோ போகும் பங்கு ஆகியவை தனித்தனியாகத் தெரியும்படி கணக்கு இருக்க வேண்டும்.

தலைமைக்கு வருகிற சீர்திருத்தவாதிகள் தங்கள் செலவிலிருந்தே தொடங்குவது வழக்கம். 1991இல் டீம்ஸ்டர்ஸ் வரலாற்றின் முதல் நேரடித் தேர்தலில் வென்ற ரான் கேரி, முன்பு யு.பி.எஸ். வண்டி ஓட்டியவர். தலைவர் சம்பளத்தை 2,25,000 டாலரிலிருந்து 1,75,000 டாலராகக் குறைத்துக்கொண்டார். சங்கத்துக்குச் சொந்தமான ஜெட் விமானங்களை விற்றார். சிகாகோ ஆசிரியர் சங்கத்தில் 2010இல் வென்ற அணி, நிர்வாகிகளின் சம்பளத்தை வகுப்பில் நிற்கும் ஆசிரியரின் சம்பளத்தோடு சேர்த்துக் கட்டியது.

நடைபாதையில் படித்த ஒப்பந்தம்

அந்தச் சிகாகோ கதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அரசுப் பள்ளிகளை அடுத்தடுத்து மூடிவந்த நகர நிர்வாகத்துக்கு எதிராகச் சங்கத் தலைமை அசையாமல் இருந்தபோது, 2008இல் சில ஆசிரியர்கள் சேர்ந்து ‘கோர்’ என்ற குழுவைத் தொடங்கினார்கள். மூடப்போகும் பள்ளி எதுவானாலும் அதன் விசாரணைக் கூட்டத்துக்குப் போய்ப் பெற்றோர்களோடு நின்றார்கள். சங்கத் தலைமை செய்ய வேண்டிய வேலையைப் பதவி இல்லாமலே செய்தார்கள். இரண்டே ஆண்டில் தேர்தலில் வென்றார்கள். வேதியியல் ஆசிரியை கேரன் லூயிஸ் தலைவரானார்.

2011இல் இல்லினாய் மாநிலம் ஒரு சட்டம் போட்டது. சிகாகோ ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்ய வேண்டுமானால், வாக்களிப்பவர்களில் அல்ல, மொத்த உறுப்பினர்களில் 75 சதவீதம் பேர் ஆதரவு தர வேண்டும். அந்தச் சட்டத்துக்காக உழைத்த ஓர் அமைப்பின் தலைவர், சங்கத்தால் இந்த எண்ணிக்கையை எட்டவே முடியாது என்று ஒரு கருத்தரங்கில் பெருமையாகச் சொன்னது வீடியோவாக வெளியே வந்தது. சங்கம் ஒவ்வொரு பள்ளியிலும் ஒப்பந்தச் செயற்குழு அமைத்தது. உண்மையான வாக்கெடுப்புக்கு முன்பே முன்னோட்ட வாக்கெடுப்பு நடத்தி, எந்தப் பள்ளியில் ஆதரவு குறைவோ அங்கே போய்ப் பேசியது. 2012 ஜூனில் மொத்த உறுப்பினர்களில் சுமார் 90 சதவீதம் பேர் வேலைநிறுத்தத்துக்கு ஆதரவாக வாக்களித்தார்கள்.

செப்டம்பர் 10 அன்று சுமார் 26,000 ஆசிரியர்களும் பள்ளி ஊழியர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஒரு வாரத்தில் ஒப்பந்த வரைவு தயாரானது. ஞாயிற்றுக்கிழமை பிரதிநிதிகள் சபை கூடியது. வேலைநிறுத்தத்தை முடித்துக்கொள்ளலாம் என்று வாக்களித்திருந்தால் அன்றிரவே எல்லாம் முடிந்திருக்கும். பிரதிநிதிகள் மறுத்தார்கள்: எங்கள் பள்ளியில் இருப்பவர்கள் இதை இன்னும் படிக்கவில்லை என்றார்கள். மறுநாள் பள்ளி வாசல்களில் மறியலுக்கு வந்த ஆசிரியர்கள் நடைபாதையில் வட்டமாக நின்றும் உட்கார்ந்தும் வரைவைப் பிரிவு பிரிவாகப் படித்து விவாதித்தார்கள். மேயர் ரஹ்ம் இமானுவேல் தடையுத்தரவு கேட்டு நீதிமன்றத்துக்கு ஓடினார். சங்கம் பதறவில்லை. செவ்வாய்க்கிழமை மீண்டும் கூடிய பிரதிநிதிகள் மிகப் பெரும்பான்மையோடு வேலைநிறுத்தத்தை நிறுத்திவைத்தார்கள். அடுத்த மாதம் உறுப்பினர் வாக்கெடுப்பில் 79 சதவீதம் பேர் ஒப்பந்தத்தை ஏற்றார்கள்.

படிப்பதற்காகக் கேட்டு வாங்கிய அந்த இரண்டு நாள்தான் சீர்திருத்தம் வேலை செய்கிறது என்பதற்கான அடையாளம். தலைமை கொண்டுவந்ததைத் தலைமையின் சொந்த ஆதரவாளர்களே நிறுத்திவைத்துப் படிக்கக்கூடிய சங்கம் அது. ‘நல்ல ஒப்பந்தம், நம்பிக் கை தூக்குங்கள்’ என்று வாயிற்கூட்டத்தில் சொல்லி, ஐந்து நிமிடத்தில் முடிக்கும் பழக்கம் எத்தனை நல்ல தலைவர் இருந்தாலும் மாற வேண்டியது. ஒப்பந்தத்தின் முழு வாசகம் உறுப்பினர்களின் மொழியில் அச்சாகி, சில நாள் அவர்கள் கையில் இருக்க வேண்டும். பிறகு ரகசிய வாக்கு.

வென்ற பிறகு வழுக்கும் இடம்

சீர்திருத்தக் குழுக்கள் தோற்றதைவிட, வென்ற பிறகு சறுக்கியதே அதிகம் கவனிக்கத்தக்கது.

அமெரிக்கச் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தில் தலைவர் டோனி பாயிலை எதிர்த்து 1969இல் போட்டியிட்ட ஜாக் யப்லான்ஸ்கி, அந்த ஆண்டின் கடைசி இரவில் மனைவியோடும் மகளோடும் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். கொலைக்கு ஏற்பாடு செய்த குற்றம் பின்னர் பாயில் மீது நிரூபணமானது. அந்தச் சாவிலிருந்து எழுந்த ‘ஜனநாயகத்துக்கான சுரங்கத் தொழிலாளர்கள்’ அமைப்பு, அரசு மேற்பார்வையில் 1972இல் நடந்த மறுதேர்தலில் வென்றது. ஆர்னால்ட் மில்லர் தலைவரானார். ஒப்பந்தத்தின் மீது உறுப்பினர்களே வாக்களிக்கும் உரிமை வந்தது. ஆனால் வென்றாகிவிட்டது என்று அந்த அமைப்பையே கலைத்துவிட்டார்கள். அடுத்த சில ஆண்டுகளில் தலைமைக்கும் சுரங்கங்களுக்கும் நடுவே பாலமாக யாரும் இல்லை. அனுமதியில்லா வேலைநிறுத்தங்கள் பெருகின. 1979இல் மில்லர் பதவி விலகினார்.

டீம்ஸ்டர்ஸில் கேரி 1997 ஆகஸ்டில் 1,85,000 யு.பி.எஸ். தொழிலாளர்களின் 15 நாள் வேலைநிறுத்தத்தை நடத்தி, 10,000 புதிய முழுநேர வேலைகளுக்கான வாக்குறுதியை வாங்கினார். வேலைநிறுத்தம் முடிந்த சில நாளிலேயே அவருடைய 1996 மறுதேர்தல் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. பிரசாரத்துக்குச் சங்கப் பணம் சுற்றுவழியில் போயிருந்தது. கேரி சங்கத்திலிருந்து நீக்கப்பட்டார். பொய்ச்சாட்சிக் குற்றச்சாட்டிலிருந்து 2001இல் அவர் விடுதலையானபோது, தலைமை எப்போதோ கைமாறியிருந்தது. ஆனால் டி.டி.யு. கலையவில்லை. 2018 ஒப்பந்தத்துக்கு எதிராக வாக்குக் கேட்டதிலும், 2021இல் விதியை மாற்றியதிலும் அவர்கள் இருந்தார்கள்.

யு.ஏ.டபிள்யூ. கதை இன்னும் புதிது. முதல் நேரடித் தேர்தலுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குச்சீட்டுகள் அனுப்பப்பட்டன. திரும்பி வந்தவை ஒரு லட்சத்துச் சொச்சம். இரண்டாம் சுற்றில் ஷான் ஃபெயின் வென்றது 483 வாக்கு வித்தியாசத்தில். அதே ஆண்டு, 2023 செப்டம்பரில், நாட்டின் பெரிய மூன்று கார் நிறுவனங்களுக்கும் எதிராக ஒரே நேரத்தில் வேலைநிறுத்தம் நடத்தி, நாலரை ஆண்டில் 25 சதவீத ஊதிய உயர்வை வாங்கினார்கள். ஆனால் வாக்குச்சீட்டைப் பிரிக்கவே இல்லாத லட்சக்கணக்கானவர்களைச் சேர்க்கும் வேலை பாக்கி கிடந்தது. ஃபெயினைக் கொண்டுவந்த சீர்திருத்த அணி உட்பூசலில் 2025இல் கலைந்தது. செயலாளர்-பொருளாளரைத் தலைவர் பழிவாங்கினார் என்று நீதிமன்றம் அமர்த்திய கண்காணிப்பாளர் அதே ஆண்டு அறிக்கை தந்தார்.

மூன்று கதைகளிலிருந்தும் கிடைக்கும் வேலைக்குறிப்பு ஒன்றுதான்: தேர்தலில் ஜெயித்த மறுநாளும் சீர்திருத்தக் குழு தனியாகக் கூட வேண்டும். பொறுப்புக்குப் போனவர்கள் அங்கே வந்து பதில் சொல்ல வேண்டும்.

வெளியேறினால் என்ன?

2015 செப்டம்பரில் மூணாறில் ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளப் பெண்கள் சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். பெரும்பாலானோர் தமிழ்ப் பெண்கள். கண்ணன் தேவன் நிறுவனம் போனஸைக் குறைத்ததுதான் உடனடிக் காரணம். கோபம் கம்பெனி மேல் மட்டும் இல்லை. கொழுந்துக் கூடை எங்கள் முதுகில், பணக் கூடை உங்கள் கையில் என்ற பொருளில் அவர்கள் போட்ட கோஷம் சங்கத் தலைவர்களையும் பார்த்துத்தான். எந்தக் கட்சிச் சங்கத் தலைவரையும் போராட்டக் களத்துக்குள் விடவில்லை. ஒன்பது நாளில் போனஸும் கருணைத்தொகையும் சேர்த்து 20 சதவீதம் வாங்கினார்கள். ‘பெம்பிளை ஒருமை’ என்ற அவர்களுடைய இயக்கத்தின் பெயர் நாடெங்கும் தெரிந்தது.

அடுத்த கட்டம் கடினமாக இருந்தது. 232 ரூபாய் தினக்கூலியை 500 ஆக்க வேண்டும் என்ற கோரிக்கை, கூலியை முடிவுசெய்யும் தோட்டத் தொழிலாளர் குழுவின் மேசைக்குப் போனபோது, அங்கே நாற்காலி இருந்தது பழைய சங்கங்களுக்குத்தான். கூலி 301 ரூபாயில் முடிந்தது. உள்ளாட்சித் தேர்தலில் சில இடங்களைப் பிடித்த பெண்கள் இயக்கம் பிறகு பிளவுபட்டு ஒடுங்கியது. சங்கத்தை விட்டு வெளியேறிய துணிச்சல் போனஸை வாங்கித் தந்தது, கூலி முடிவாகும் இடத்தில் உட்கார அது போதவில்லை.

2025 நவம்பர் 21 முதல் நடப்பிலுள்ள தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு இந்தக் கணக்கை இன்னும் இறுக்குகிறது. பல சங்கங்கள் உள்ள நிறுவனத்தில் 51 சதவீதத் தொழிலாளர் ஆதரவுள்ள சங்கமே தனியாகப் பேசும் உரிமை பெறும். அப்படி எதுவும் இல்லையென்றால், 20 சதவீதமாவது ஆதரவுள்ள சங்கங்கள் பேச்சுவார்த்தைக் குழுவில் இடம்பெறும். கோபத்தில் ஆறாவது சங்கமாகப் பிரிவதற்கு இனி விலை அதிகம். பெரும்பான்மையை ஏற்கெனவே வைத்திருக்கும் சங்கத்தை உறுப்பினர் கைக்குக் கொண்டுவருவதற்கு மதிப்பும் அதிகம். தலைமை தேர்தலையே நடத்த மறுத்து, கேள்வி கேட்டவர்களை நீக்கி, பதிவாளரிடம் செய்த முறையீடும் பலனின்றிப் போன பிறகுதான் தனிச் சங்கம் பற்றி யோசிக்கலாம். அப்போதும் பாதிக்கு மேற்பட்டவர்களின் கையெழுத்து கையில் இருக்க வேண்டும்.

முதல் ஆண்டுக்கான வேலை

முதல் மூன்று மாதம்: விதிப் பிரதி, துறைவாரித் தொடர்புப் பட்டியல், ஒரு பக்க நோட்டீஸ்.

அடுத்த மூன்று மாதம்: ஒரு கோரிக்கை, அதற்குக் கையெழுத்து இயக்கம், தணிக்கை அறிக்கையை வாசிக்கக் கோரும் தீர்மானம். தீர்மானத்தை முன்மொழிபவரும் வழிமொழிபவரும் வேறு வேறு துறையினராக இருக்கட்டும். கூட்ட முடிவு தீர்மானப் புத்தகத்தில் ஏறியதைக் கண்ணால் பார்த்துவிட்டே வீட்டுக்குப் போக வேண்டும்.

ஆறு மாதத்துக்குப் பிறகு: துறைப் பிரதிநிதிகளுக்குத் தேர்தல், பேச்சுவார்த்தைக் குழுவில் சாதாரண உறுப்பினர்களுக்கும் பெண்களுக்கும் இடம், ஒப்பந்தத்தின் மீது ரகசிய வாக்கு ஆகிய விதித் திருத்தங்கள். நிர்வாகிகள் தேர்தலில் நிற்பது கடைசியில். அதுவும் மேலே சொன்னவற்றில் பாதியாவது நடந்த பிறகு.

இந்த நூலைப் படிக்கும் தொழிலாளர் யாராக இருந்தாலும், அடுத்த பொதுக்குழுவுக்கு ஒரே ஒரு தீர்மானத்தை எழுதிக் கொடுக்கட்டும்: ‘எந்த ஊதிய ஒப்பந்தமும் முழு வாசகத்தோடு குறைந்தது ஏழு நாள் உறுப்பினர்கள் கையில் இருந்த பிறகே ரகசிய வாக்கெடுப்புக்கு விடப்படும், பெரும்பான்மை ஏற்றால் மட்டுமே கையெழுத்தாகும்.’ தோற்றாலும், எதிர்த்துக் கை தூக்கியவர்கள் யார் யார் என்பது அன்றே எல்லோருக்கும் தெரிந்துவிடும்.